பூட் ஆகும்போது யூஎஸ்பி டிஸ்க் தாமதமாக வருகிறது. ஸ்லீப் எவ்வளவு வைக்கலாம்?

கேள்வி

வணக்கம். லினக்ஸ் ஓடும் டெஸ்க்டாப்பில் பேக்கப்புக்காக ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கை யூஎஸ்பியில் நிரந்தரமாகச் செருகி வைத்திருக்கிறேன். பூட் ஆகும்போது எந்த டிஸ்க்கை எந்த ஃபோல்டரில் இணைக்க (மவுண்ட் செய்ய) வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில், எஸ்டிபி1 என்ற டிஸ்க்கின் பெயரை எழுதி மவுண்ட் செய்தேன். பெரும்பாலும் சரியாக வரும். சில நாள் மட்டும் திரையில் கவுன்ட்டர் ஓடி, ஒன்றரை நிமிடம் கழித்து எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும்.

வெறுத்துப்போய் அந்த வரியை எடுத்துவிட்டு, க்ரானில் (வேலைகளைத் தானாக ஓட்டும் சேவை) பூட் ஆனதும் ஓடும் ஸ்கிரிப்ட் ஒன்று எழுதினேன்: ஸ்லீப் 15 (15 நொடி காத்திருக்கும்), மவுண்ட், அப்புறம் கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க். பூட் இப்போது நிற்பதில்லை. ஆனால் உள் டிஸ்க் நிரம்பிவிட்டதாக எச்சரிக்கை வருகிறது. எந்த ஃபோல்டர் இடத்தைப் பிடித்திருக்கிறது என்று தேடினால் ஒன்றும் அகப்படவில்லை. டிஸ்க் பழையது, எழுந்திருக்க நேரம் எடுக்கிறது. ஸ்லீப்பை எவ்வளவு ஏற்றினால் நிம்மதி?

பதில் 1

60 போட்டுவிடுங்கள் ப்ரோ. எனக்கு அப்படித்தான் ஓடுகிறது.

பதில் 2

60 போட்டாலும் தீராது என்று நினைக்கிறேன். அந்த ஒன்றரை நிமிடத்தைக் கவனியுங்கள். எஃப்எஸ்டேப்பில் உள்ள சாதனத்துக்கு, பூட்டை நடத்தும் சிஸ்டம்டி வழக்கமாக 90 நொடி காத்திருக்கும். எவ்வளவு பழைய டிஸ்க்காக இருந்தாலும் 90 நொடியில் எழுந்துவிடும். எழுந்த பிறகும் கிடைக்கவில்லை என்றால், நீங்கள் எழுதிய பெயரில் அது வரவில்லை என்று அர்த்தம்.

நல்ல பூட் ஒன்று, கெட்ட பூட் ஒன்று, இரண்டிலும் டிமெசேஜ் (லினக்ஸின் மையமான கர்னல் எழுதும் செய்திகள்) எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த மெஷினில் கார்டு ரீடர் ஏதாவது இருக்கிறதா?

கேட்டவர்

ஆமாம், முன்பக்கம் ஒரு கார்டு ரீடர் இருக்கிறது, கார்டு எதுவும் செருகவில்லை. நல்ல பூட்டில் டிஸ்க் எஸ்டிபி ஆக வருகிறது. கெட்ட பூட்டில் கார்டு ரீடர் எஸ்டிபி ஆகிவிட்டது, டிஸ்க் எஸ்டிசி! இரண்டிலும் "ஸ்பின்னிங் அப் டிஸ்க்" என்ற வரியும் அதன் பின்னால் வரிசையாகப் புள்ளிகளும் இருக்கின்றன.

பதில் 2

அதேதான். கார்டு இல்லாத ரீடரில் பார்ட்டிஷன் (டிஸ்க்கின் பிரிவு) இருக்காது, ஆகவே எஸ்டிபியின் முதல் பார்ட்டிஷனான எஸ்டிபி1 என்ற ஒன்று அந்த பூட்டில் பிறக்கவே போவதில்லை. ஒரு மணி நேரம் காத்திருந்தாலும் அதே கதைதான்.

ஏன் பெயர் மாறுகிறது என்று கேட்பீர்கள். கர்னல் சாதனங்களை வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாகத் தேடுவதில்லை; பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும். யூஎஸ்பி போர்ட்டில் ஏதோ செருகியிருப்பது தெரிந்ததும், இணைப்பு ஆடாமல் நிற்கிறதா என்று 100 மில்லிநொடி பார்க்கும். பிறகு முகவரி கொடுத்து, யார் நீ என்று விசாரிக்கும். சேமிப்புச் சாதனம் என்றால் யூஎஸ்பி ஸ்டோரேஜ் டிரைவர் வழக்கமாக இன்னும் 1 நொடி பொறுத்துத்தான் ஸ்கேன் செய்யும். அதன் பிறகு தட்டு சுழன்று வேகம் பிடிக்க வேண்டும்; நீங்கள் பார்த்த புள்ளிகள் அதுதான், நொடிக்கு ஒன்று. கடைசியில் பார்ட்டிஷன் அட்டவணையைப் படித்து, சாதனங்களுக்குப் பெயர் வைக்கும் யூடெவ் அதற்கு யூயூஐடி (ஃபைல்சிஸ்டத்துக்கே உரிய, மாறாத அடையாள எண்) பெயரில் ஓர் இணைப்பு உண்டாக்கும். இந்த ஓட்டத்தில் யார் முந்துகிறாரோ அவருக்கு எஸ்டிபி. பூட்டுக்குப் பூட் முடிவு மாறலாம், அதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

செய்ய வேண்டியது: பிஎல்கேஐடி கட்டளையில் யூயூஐடியை எடுத்து எஃப்எஸ்டேப்பில் எஸ்டிபி1 இருந்த இடத்தில் போடுங்கள். அதே வரியில் நோஃபெயில் சேருங்கள். டிஸ்க் இல்லாத நாளிலும் பூட் நிற்காது. எக்ஸ்-சிஸ்டம்டி.டிவைஸ்-டைம்அவுட் என்ற விருப்பத்தில் 30 நொடி கொடுத்தால் உங்கள் டிஸ்க்குக்குத் தாராளம்.

ஆனால் நோஃபெயில் போட்டால் பூட் அந்த மவுண்டுக்காக நிற்காமல் மேலே போய்விடும், ஸ்கிரிப்ட் முந்திக்கொள்ளும். ஆகவே க்ரானை விட்டுவிட்டு ஸ்கிரிப்டை ஒரு சிஸ்டம்டி சர்வீஸாக மாற்றி, ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார் என்ற வரியில் மவுண்ட் ஆகும் பாதையைக் கொடுங்கள். மவுண்ட் ஆன அடுத்த கணம் ஓடும், ஆகாவிட்டால் ஓடாது. ஸ்லீப்பை அழித்துவிடலாம். நீங்கள் எவ்வளவு நொடி வைத்தாலும், டிஸ்க் 3 நொடியில் வரும் நாளில் அது வீண், வராத நாளில் ஆபத்து.

பதில் 3

ஸ்கிரிப்டில் "யூடெவ்அட்மின் செட்டில்" என்ற கட்டளையைப் போட்டால் போதாதா? நிறைய இடத்தில் அதைத்தான் சொல்கிறார்கள்.

பதில் 2

செட்டில் கட்டளை ஏற்கெனவே வந்து சேர்ந்த நிகழ்வுகளின் வரிசை காலியாகும் வரைதான் காத்திருக்கும். இன்னும் சுழன்றுகொண்டிருக்கும் டிஸ்க்கைப் பற்றி அந்த வரிசையில் எதுவும் இராது, உடனே "முடிந்தது" என்று திரும்பிவிடும். ஸ்கிரிப்டுக்குள்ளேயே காத்திருக்கத்தான் வேண்டும் என்றால், சிஸ்டம்டி 251 முதல் யூடெவ்அட்மின் வெயிட் என்று ஒன்று இருக்கிறது. குறிப்பிட்ட சாதனப் பாதையைக் கொடுத்து, அது வரும் வரை காத்திருக்கச் சொல்லலாம். டைம்அவுட்டும் கொடுங்கள், இல்லையென்றால் அங்கேயே தொங்கும்.

பதில் 4

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் சிறிய போர்டில் ரூட்டே (சிஸ்டம் இருக்கும் முதன்மை ஃபைல்சிஸ்டம்) யூஎஸ்பியில்தான் இருக்கிறது. இனிட்ராம்எஃப்எஸ் (ரூட் வரும் முன் நினைவகத்தில் ஓடும் தற்காலிகச் சிறு சிஸ்டம்) கிடையாது. கர்னலுக்குக் கொடுக்கும் விருப்பங்களில் ரூட்-டிலே (rootdelay) நல்லதா, ரூட்வெயிட் (rootwait) நல்லதா?

பதில் 2

ரூட்வெயிட். ரூட்-டிலே நீங்கள் சொன்ன நொடிகளைக் கண்ணை மூடிக்கொண்டு எண்ணும். ரூட்வெயிட் சாதனம் வந்ததும் நகரும். வராவிட்டால் முடிவில்லாமல் நிற்கும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். இனிட்ராம்எஃப்எஸ் இல்லாததால் ஃபைல்சிஸ்டம் யூயூஐடி கர்னலுக்குப் புரியாது, பார்ட்டிஷனின் அடையாள எண்ணான பார்ட்யூயூஐடி கொடுங்கள்.

கேட்டவர்

யூயூஐடிக்கு மாற்றி, சர்வீஸும் எழுதிவிட்டேன். கார்டு ரீடர் எஸ்டிபி ஆன பூட்டிலும் டிஸ்க் ஒழுங்காக மவுண்ட் ஆகி பேக்கப் ஓடியது. மிக்க நன்றி. உள் டிஸ்க் மட்டும் இன்னும் நிரம்பியே இருக்கிறது.

பதில் 2

மவுண்ட் தோற்ற நாட்களில் ஆர்சிங்க் அந்தக் காலி ஃபோல்டருக்குள்ளேயே, அதாவது உள் டிஸ்க்கிலேயே எழுதியிருக்கும். இப்போது அதன் மேல் வெளி டிஸ்க் மவுண்ட் ஆகியிருப்பதால் அடியில் உள்ளவை கண்ணுக்குத் தெரியாது. டிஸ்க்கை அன்மவுண்ட் செய்து, அது உண்மையிலேயே கழன்றுவிட்டதா என்று மவுண்ட்பாயின்ட் கட்டளையில் உறுதி செய்துகொண்டு, உள்ளே போய்ப் பாருங்கள். உங்கள் கணக்கில் வராத ஜிபிகள் அங்கே இருக்கும். அழிப்பதற்கு முன், வெளி டிஸ்க்கில் இல்லாத கோப்பு ஏதும் அங்கே மட்டும் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். காலி செய்தபின், அன்மவுண்ட் நிலையிலேயே அந்த ஃபோல்டருக்கு சிஎச்ஏடிடிஆர் (chattr) கட்டளையில் பிளஸ் ஐ (+i, மாற்ற முடியாதபடி பூட்டும் குறி) போட்டுவிடுங்கள். அதன் பிறகு டிஸ்க் இல்லாத நேரத்தில் முழு அதிகாரம் உள்ள ரூட் பயனரே முயன்றாலும் அதில் எழுத முடியாது.

கேட்டவர்

அங்கேதான் இருந்தது, ஒரு முழு பேக்கப்! ஒப்பிட்டுவிட்டு அழிக்கிறேன்.