அமெரிக்காவுக்குப் படிக்க வந்தவர்களுக்கு: முதல் கிரெடிட் கார்டு எடுப்பதற்கு முன்

புதிதாக வந்த மாணவர்கள் பலரும் எந்தக் கார்டில் கேஷ்பேக் அதிகம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். தயவுசெய்து அதைக் கடைசியில் பாருங்கள். மாதம் 400 டாலர் செலவழிப்பவருக்கு ஒரு சதவீதம் கூடுதலாகக் கிடைத்தால் 4 டாலர், அவ்வளவுதான். முதல் கார்டால் வரும் பெரிய பலன் கிரெடிட் ஹிஸ்டரி, அதாவது கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்டுகிறீர்களா என்பதன் பதிவு. நாளைக்குத் தனியாக வீடு எடுக்கும்போதும் கார் லோன் கேட்கும்போதும் அதைத்தான் பார்ப்பார்கள், ஊரில் சிபில் ஸ்கோர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இங்கே பெரும்பாலான வங்கிகள் அதைக் கண்டுகொள்வதில்லை. அதனால் வருடக் கட்டணம் இல்லாத, இந்தப் பதிவை வைத்திருக்கும் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று நிறுவனங்களுக்கும் விவரம் அனுப்புகிற, பல வருடம் மூடாமல் வைத்திருக்கக்கூடிய ஒரு கார்டு போதும். விடுமுறைக்கு ஊருக்குப் போய் அங்கே தேய்ப்பீர்கள் என்றால் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் இருக்கிறதா என்று பாருங்கள். பல கார்டுகளில் அது 3 சதவீதம் வரை வரும், கேப்பிட்டல் ஒன் மாதிரி சில வங்கிகளில் கிடையாது.

கார்டு விண்ணப்பத்தில் வழக்கமாகக் கேட்கும் எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி எண்) விஷயத்தில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவருக்கு வேலை கிடைத்தால்தான் எஸ்எஸ்என் கிடைக்கும். டிஏ (கற்பித்தல் உதவியாளர்), ஆர்ஏ (ஆராய்ச்சி உதவியாளர்), நூலக வேலை, டைனிங் ஹால் வேலை, எதுவானாலும் சரி. வேலை தருபவரிடம் ஒரு கடிதமும் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் ஒரு கடிதமும் வாங்கிக்கொண்டு, பாஸ்போர்ட், ஐ-20 (பல்கலைக்கழகம் தந்த மாணவர் சான்று), ஐ-94 (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு) எல்லாவற்றோடும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்குப் போங்கள். நாட்டுக்குள் வந்து 10 நாளாவது ஆன பிறகு போவது நல்லது. வேலை கிடைக்கவில்லையா, பதற வேண்டாம். பாஸ்போர்ட்டை வைத்தே மாணவர் கார்டு தருகிற வங்கிகளும் இருக்கின்றன, நீங்கள் கணக்கு வைத்திருக்கும் வங்கியின் கிளைக்கு நேரில் போய்க் கேளுங்கள். கார்டுக்காக மட்டும் ஐடின் எண் (எஸ்எஸ்என் கிடைக்காதவர்களுக்கான வரி எண்) எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது வரி சம்பந்தப்பட்ட தேவைக்குத்தான் தரப்படுகிறது.

இளநிலைப் படிப்புக்கு வந்தவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 2009-இல் வந்த சட்டப்படி 21 வயதுக்குக் கீழே இருந்தால் சொந்த வருமானத்தைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் உங்களோடு கையெழுத்துப் போட ஒருவர் வேண்டும். வருமானம் குறைவு என்பதற்காகப் படிவத்தில் எண்ணைக் கூட்டிப் போடாதீர்கள்.

எதுவும் அமையவில்லை என்றால் செக்யூர்டு கார்டு. 200 டாலர் மாதிரி ஒரு தொகையை டெபாசிட் செய்தால் பெரும்பாலும் அதே அளவு லிமிட் தருவார்கள், பாக்கி இல்லாமல் மூடும்போதோ சாதாரணக் கார்டாக மாறும்போதோ பணம் திரும்பி வரும். இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை, ஸ்கோர் இதிலும் ஏறும். ஆனால் ஒரே வாரத்தில் நாலைந்து வங்கிகளுக்கு விண்ணப்பம் போடாதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பத்தின் சுவடும் உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டில் 2 வருடம் நிற்கும், ஸ்கோரும் கொஞ்சம் குறையலாம். பல வங்கிகளின் தளத்திலேயே கார்டு கிடைக்குமா என்று முன்தகுதி பார்க்கும் வசதி இருக்கிறது, அப்படிப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது, முதலில் அதைச் செய்யுங்கள்.

கார்டு கைக்கு வந்த பிறகு பெரும்பாலோர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. லிமிட் 500 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறையில் நாலு பேர், எல்லோருக்குமான மளிகையையும் நீங்களே தேய்த்துவிட்டு ஸ்டேட்மென்ட் வரும் நாளில் 450 டாலர் நிற்கிறது. கெடு தேதிக்குள் முழுதாகக் கட்டிவிடுவீர்கள்தான், ஆனால் வழக்கமாக ஸ்டேட்மென்ட் தேதியில் இருக்கும் தொகைதான் அந்த மூன்று நிறுவனங்களுக்கும் போகிறது, அவர்கள் கண்ணுக்கு நீங்கள் 90 சதவீதம் கடனில் இருக்கிறீர்கள். 30 சதவீதத்துக்குக் கீழே, முடிந்தால் 10-க்குக் கீழே இருக்கும்படி ஸ்டேட்மென்ட் தேதிக்கு முன்பே கொஞ்சம் கட்டிவிடுங்கள். ஒரு மாதம் கூடிவிட்டாலும் அடுத்த மாதம் குறைத்தால் ஸ்கோர் மீண்டுவிடும். கெடு தவறுவது அப்படி இல்லை, 30 நாளைத் தாண்டிய தாமதம் 7 வருடம் வரை ரிப்போர்ட்டில் இருக்கும். அதனால் ஆட்டோபே (தானாகப் பணம் கட்டும் வசதி) போடுங்கள், அதுவும் 'மினிமம்' என்பதை விட்டுவிட்டு 'ஸ்டேட்மென்ட் பேலன்ஸ்' (அந்த ஸ்டேட்மென்டின் முழுத் தொகை) என்பதைத் தேர்ந்தெடுங்கள். மினிமம் மட்டும் கட்டினால் மீதிக்கு வட்டி ஓடும், மாணவர் கார்டுகளில் அது வருடத்துக்கு 20 சதவீதத்தைச் சாதாரணமாகத் தாண்டும். ஏடிஎம்மில் பணம் எடுத்தால் அன்றைக்கே வட்டி தொடங்கிவிடும், அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. கல்லூரிக் கட்டணத்தையும் கார்டில் கட்ட வேண்டாம், பல பல்கலைக்கழகங்கள் அதற்கு மேல்கட்டணம் போடுகின்றன.

அப்புறம், நண்பர் விமான டிக்கெட் போடக் கார்டு கேட்டால் பக்குவமாக மறுத்துவிடுங்கள். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கடன் உங்கள் பேரில்தான் இருக்கும்.

ஏறக்குறைய ஆறு மாதத்தில் முதல் ஃபைகோ ஸ்கோர் (வங்கிகள் பார்க்கும் கிரெடிட் ஸ்கோர்) வரும். எஸ்எஸ்என் இல்லாமல் கார்டு எடுத்தவர்கள், எண் கிடைத்ததும் வங்கியிடம் சொல்லிச் சேர்த்துவிட்டு, ஆனுவல் கிரெடிட் ரிப்போர்ட் தளத்தில் இலவசமாக ரிப்போர்ட்டை எடுத்து, பழைய மாதங்களும் உங்கள் பேரில் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள்.