புதுப்பிப்பு: காரணமே பிடிபடாத அந்தக் காணாக்கடி

மூன்று மாதம் முன்பு இங்கே புலம்பியிருந்தேன்: உடம்பெல்லாம் தடிப்பு, அரிப்பு, எதைச் சாப்பிட்டதால் என்றே தெரியவில்லை, கத்தரிக்காய், கருவாடு, இறால் எல்லாம் நிறுத்தியும் போகவில்லை என்று. கேட்டவர்களுக்காக இப்போதைய நிலவரம்.

தோல் மருத்துவர் ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போடச் சொன்னார். மறுநாள் காலையில் கோடு மட்டும் இருந்தது. தடிப்பு முழங்கைக்குக் குடிபோயிருந்தது. ஒவ்வொரு தடிப்பும் 24 மணி நேரத்துக்குள் தடமில்லாமல் மறைவதுதான் காணாக்கடியின் (urticaria) சுபாவம். ஆறு வாரம் தாண்டினால் நாள்பட்டது என்கிறார்கள். தோலில் உள்ள மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்புச் சக்தி செல்கள், அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டுகின்றன. பலருக்கு நம் எதிர்ப்புச் சக்தியே அவற்றைக் கிளப்பிவிடுகிறது. சாப்பாடு காரணமாக இருப்பது அபூர்வம். ஆக, கருவாட்டை விட்டதுதான் மிச்சம்!

நான் செய்த தப்பு, அரித்தால் மட்டும் மாத்திரை போட்டது. இப்போது அரித்தாலும் அரிக்காவிட்டாலும் தினமும் பிலாஸ்டின் என்ற ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரை. ஒன்று போதாமல் மருத்துவர் இரண்டாக்கினார். (நான்கு வரை ஏற்றுவார்களாம். நீங்களாக ஏற்றாதீர்கள்.) அதற்கும் அடங்காவிட்டால் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஓமலிசுமாப் ஊசி. விலையைக் கேட்டதும் தலை சுற்றியது, நல்லவேளை, தேவைப்படவில்லை.

தலைவலிக்கு இபுப்ரோஃபென் போட்ட அன்று பொங்கிக்கொண்டு வந்தது, அதை விட்டாச்சு. பெல்ட் இறுக்கும் இடத்தில் இன்னும் லேசாகத் தடிப்பு இருக்கிறது. நாக்கு வீங்கி மூச்சு முட்டினால் மட்டும் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள்.

அப்புறம், நேற்று வீட்டில் இறால் தொக்கு. ஒன்றும் ஆகவில்லை.