புதுப்பிப்பு: கார்ன் பாம்பு தோல் உரித்தது, எலியும் தின்றது

வீட்டில் வளர்க்கப் புதிதாக வந்த கார்ன் பாம்பு (விஷமில்லாத அமெரிக்கப் பாம்பு வகை) தோலைத் துண்டு துண்டாக உரிக்கிறது, எலியையும் தொடவில்லை என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

பலித்தது ஈரப்பெட்டி யோசனைதான். ஓட்டை போட்ட டப்பாவுக்குள் நனைத்துப் பிழிந்த பாசி (moss) வைத்தேன், பாம்பு அதற்குள்ளேயே குடியிருந்தது. வால் நுனியில் மட்டும் பழைய தோல் மோதிரம் மாதிரி ஒட்டியிருந்தது. வெதுவெதுப்பான ஈரத்துணிக்குள் ஊர விட்டதும் தானாகக் கழன்றது. பிய்த்து இழுக்காதீர்கள். அப்படியே விட்டாலும் ஆபத்து, இறுகி ரத்த ஓட்டம் நின்றால் நுனியே போய்விடும்.

எதிர்பாராதது, சென்னைப் புழுக்கத்தில் ஈரப்பதம் போதாமல் போனதுதான்! ஏசியின் வேலை. இப்போது கூண்டில் 50–60 சதவீதம் இருக்கிறது.

சாப்பாடு? தோல் உரிக்கும் முன் கண் பால்போல மங்கியிருந்தவரை எலியைச் சீண்டவே இல்லை. உரித்த பிறகு, உறைந்த எலிக்குஞ்சை நன்றாக இளக்கி, வெந்நீரில் சூடேற்றி நீட்டினேன். லபக்! அப்புறம் 48 மணி நேரம் கையில் எடுக்கவில்லை.