தேய்ந்த சஸ்பென்ஷன் புஷ்: பழைய கார் வைத்திருப்போர் தங்கள் அனுபவத்தை எழுதலாம்

சேலத்து 800

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பிரேக்கை மிதித்த ஒவ்வொரு முறையும் இடது முன்சக்கரத்தின் பக்கம் ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். காலை எடுத்தால் இன்னொரு ‘டொக்’. வண்டி 2004ஆம் ஆண்டு மாருதி 800. அடிப்பாகம் தெரியாதவர்களுக்காக ஒரு வரி: சஸ்பென்ஷன் பாகங்கள் ஒன்றோடொன்று சேரும் இடங்களில் அதிர்வை வாங்கிக்கொள்ளும் ரப்பர் உறைகளே புஷ்கள். ஒரு பட்டறையில் ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்றார்கள். இரண்டு பக்கமும் புதிதாகப் போட்ட பிறகும் சத்தம் அப்படியே இருந்தது. இன்னொரு பட்டறையில் ஸ்டியரிங் ராக்கை மாற்ற வேண்டும் என்றார்கள்.

அதற்குப் பிறகு போன ஒரு சின்னப் பட்டறையில், வயதான மெக்கானிக் எதையும் கழற்றவில்லை. வண்டியைக் குழியின் மேல் நிறுத்தி, ஒரு பையனை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். இரண்டு பேரைப் பின்னாலிருந்து வண்டியைத் தள்ளியும் இழுத்தும் ஆட்டச் சொன்னார். குழிக்குள் நின்று டார்ச் வெளிச்சத்தில் நான் பார்த்தது இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை. சக்கரம் தரையைப் பற்றிக்கொண்டு நின்றது, வண்டியின் உடல் மட்டும் முன்னே போய்ப் பின்னே வந்தது. சக்கரத்தின் கீழ்ப்பக்கத்தை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் இரும்புக் கைதான் லோயர் ஆர்ம். அதன் துளைக்குள், இரு பக்க ஆர்ம்களையும் குறுக்கே இணைக்கும் கம்பியான ஸ்டெபிலைசர் பாரின் முனை தடையில்லாமல் ஆடியது. ரப்பர் புஷ் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புத் தூளும் வளைந்த வாஷரும்தான் இருந்தன.

பல கார்களில் ஸ்டெபிலைசர் பார் வளைவில் வண்டி சாய்வதைக் குறைப்பதற்கு மட்டுமே இருக்கும். 800இல் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. லோயர் ஆர்ம் சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடிக்கிறது. முன்பின்னாக நகராமல் பிடிப்பது அந்தப் பாரின் முனைதான். அங்கே புஷ் இல்லையென்றால், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் தன் இடத்தைவிட்டுப் பின்னால் நகரும். 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள ஒரு மலைப்பாதையில், குடும்பத்தோடு, அந்த நிலையில் இறங்கிக்கொண்டிருந்தோம். கீழே குனிந்து பார்த்தாலே தெரிந்திருக்கக்கூடிய ஒன்றை, விலை கூடிய பாகங்களை மாற்றச் சொன்ன இருவரும் பார்க்கவே இல்லை என்பதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. புஷ்களின் விலை ஷாக் அப்சார்பர் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

கோவை சான்ட்ரோ

சத்தம் வந்ததால் உங்களுக்குத் தெரிந்தது. என் சான்ட்ரோவில் சத்தமே வரவில்லை. முன் வலது டயரின் உள்விளிம்பு மட்டும் வழவழவென்று தேய்ந்துகொண்டே வந்தது. சக்கரங்களின் கோணத்தை அளந்து சரிசெய்யும் வீல் அலைன்மென்ட் இடத்தில் திரையில் எல்லா எண்களும் பச்சையில் காட்டின. எல்லாம் சரி என்று சொல்லி அனுப்பினார்கள். புது டயர் போட்டேன். அதுவும் அதே இடத்தில் தேயத் தொடங்கியது.

கடைசியில் ஒருவர் வண்டியைத் தூக்கி, லோயர் ஆர்மின் பின்பக்கப் புஷ்ஷுக்கு அருகே ஒரு கம்பியைக் கொடுத்து நெம்பினார். உள்ளிருந்த ரப்பர் தன் இரும்பு உறையைவிட்டுப் பிரிந்து வாய் திறந்தது. கம்பியை எடுத்ததும் மூடிக்கொண்டது. நின்ற நிலையில் அளந்தால் ஆர்ம் தன் இடத்தில்தான் இருக்கும், அதனால் இயந்திரம் சரி என்கிறது. ஓடும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் ஆர்ம் பின்னால் நகர்ந்து சக்கரத்தின் கோணத்தை மாற்றிவிடுகிறது. ஆகவே ‘குனிந்து பார்த்தாலே தெரியும்’ என்று மேலே எழுதியிருப்பதை நான் ஏற்கவில்லை. என் வண்டியில் வெறுமனே பார்த்தவர்கள் எல்லோரும் ரப்பர் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். நெம்பிப் பார்த்தவர் ஒருவரே.

நான் புஷ்ஷை மட்டும் மாற்றாமல் ஆர்ம் முழுவதையும் மாற்றிவிட்டேன். ஆர்மைச் சக்கரத்தோடு சேர்க்கும் உருண்டை மூட்டான பால் ஜாயிண்டும் புதிதாக வந்துவிடுகிறது, புஷ்ஷை அழுத்தி ஏற்றும் பிரஸ் இயந்திரம் தேடி அலைய வேண்டியதில்லை. எல்லோரும் அப்படியே செய்வது நல்லது.

பிரஸ் இயக்குபவர்

புஷ் அழுத்திக் கொடுப்பது என் தொழில், ஆகவே இதில் எனக்கு ஆதாயம் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறக்க முடியாதது ஒரு ஃபோர்டு ஐகான். மறைமலை நகரில் தயாரான அந்த வண்டிகளில் இன்னும் நல்ல நிலையில் ஓடுபவை நிறைய உண்டு. நான் புதுப் புஷ் அழுத்திக் கொடுத்த ஆர்ம், சில மாதங்களிலேயே ரப்பர் கிழிந்து திரும்பி வந்தது. மட்டமான சரக்கு என்று அதன் உரிமையாளர் கோபப்பட்டார். கிழிசலைப் பார்த்தேன், வட்டமாக, ஒரே திசையில் முறுக்கிக் கிழிந்திருந்தது. சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருந்தபோதே போல்ட்டை முழுதாக முறுக்கிவிட்டீர்களா என்று கேட்டேன். பூட்டிய மெக்கானிக் ஆமாம் என்றார்.

இதை எழுதத்தான் உள்ளே வந்தேன். இந்த வகைப் புஷ்ஷில் எதுவும் வழுக்கிச் சுழல்வதில்லை. உள்குழாய், வெளிக்குழாய் இரண்டோடும் ரப்பர் ஒட்டவைக்கப்பட்டிருக்கிறது. போல்ட்டை முறுக்கியதும் உள்குழாய் சட்டத்தோடு இறுகி அசையாமல் நின்றுவிடும். ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர்தான் முறுகி விடுபடுகிறது. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கியதுமே ரப்பர் ஒரு பக்கமாக முறுகிவிடும். சாலையில் வரும் ஒவ்வொரு பள்ளமும் அந்த முறுக்கின் மேல் கூடுதல் முறுக்காகச் சேரும். போல்ட்டுகளைக் கையால் பூட்டி, வண்டியைச் சக்கரங்களில் நிறுத்தி, முன்பக்கத்தை இரண்டு மூன்று முறை அழுத்திவிட்ட பிறகே முழுதாக இறுக்க வேண்டும். கீழே புக இடமில்லையென்றால், ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் பால் ஜாயிண்டுக்கு நேர்கீழே ஜாக்கி வைத்து, அந்தப் பக்கம் ஸ்டாண்டைவிட்டு எழும்பத் தொடங்கும் வரை தூக்கினால் ஏறக்குறைய அதே நிலை கிடைக்கும். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது.

பழைய புஷ் ஆர்மில் எந்தத் திசையில் உட்கார்ந்திருக்கிறது என்பதைக் கழற்றுவதற்கு முன்பே ஆர்மில் கோடு போட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். சில புஷ்களின் ரப்பரில் பிறை வடிவ வெற்றிடங்கள் இருக்கும். அவை வார்ப்பில் வந்த குறைகள் அல்ல. ஒரு திசையில் இளகியும் மறுதிசையில் விறைத்தும் இருக்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். திருப்பிப் போட்டால் புது ரப்பரும் விரைவில் கிழியும், வண்டியும் பிரேக்கில் இழுக்கும். அழுத்தும்போது பிரஸ்ஸின் விசை வெளிக்குழாயின் விளிம்பில் மட்டும்தான் பட வேண்டும். அதற்குச் சரியான விட்டத்தில் ஒரு குழாய்த் துண்டு இருந்தால் போதும். நடுவில் அழுத்தினால் ஒட்டு அங்கேயே விட்டுப்போகும். சுத்தியலால் அடித்து ஏற்றுவதும், பழைய ரப்பரை நெருப்பு வைத்து எரித்து எடுப்பதும் எனக்கு உடன்பாடில்லை. ரம்பத் தகட்டை உள்ளே விட்டு வெளிக்குழாயை ஆர்மில் கீறல் விழாமல் அறுத்துவிட்டால் அது தானாகத் தளர்ந்துவிடும்.

ஆர்ம் முழுவதையும் மாற்றுவதே எல்லோருக்கும் நல்லது என்பதை நான் ஏற்க மாட்டேன். துருவேறாத, வளையாத அசல் ஆர்ம் உங்களிடம் இருக்கும்போது, தரம் தெரியாத ஒரு புது ஆர்மை வாங்கினால் அதிலுள்ள பால் ஜாயிண்டும் புஷ்ஷும் தரம் தெரியாதவையாகவே வரும். பால் ஜாயிண்ட் ஆடினாலோ ஆர்ம் அடி வாங்கியிருந்தாலோ முழுதாக மாற்றுவது சரி.

இன்னொன்று. ரப்பரின் மேற்பரப்பில் தெரியும் மெல்லிய வெடிப்புகளை மட்டும் பார்த்துப் புஷ் போய்விட்டது என்று முடிவு செய்ய வேண்டாம். வயதான ரப்பரில் அவை வரும். ஒட்டு விட்டிருக்கிறதா, உள்குழாய் நடுவிலிருந்து விலகிவிட்டதா என்பதைப் பாருங்கள்.

அம்பாசிடர் மாமா

என் அனுபவம் பின்சக்கரப் பக்கம். வளைவில் திரும்பிய பிறகு வண்டியின் பின்பாகம் தனியாக ஒருமுறை திரும்புவதுபோல் இருந்தது. வில்பட்டையின் முனையைச் சட்டத்தோடு இணைக்கும் ஷாக்கிளைக் கழற்றியபோது ரப்பர் புஷ் மறைந்தே போயிருந்தது. போல்ட் இரும்போடு இரும்பு உரசி ஒரு பக்கம் பாதிவரை அரைபட்டிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பட்டறையில் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

நான் ரப்பருக்குப் பதிலாக பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருளாலான புஷ் போட்டேன். வண்டி இறுக்கமாக இருக்கிறது. கீச்சொலி வந்தால் கொஞ்சம் கிரீஸ் வைத்துவிடுகிறேன், நின்றுவிடுகிறது. எல்லாப் புஷ்ஷுக்கும் இதைச் செய்யலாம்.

யாழ்ப்பாணத்து மைனர்

மன்னிக்க வேண்டும், கடைசி வரியை அப்படியே விட முடியாது. எங்கள் வீட்டு மொறிஸ் மைனர் 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய வாகனங்களில் ஒன்று. புதிய றப்பர் உதிரிப்பாகம் கிடைப்பது மிக அரிதாக இருந்தது. அப்போது எங்களிடம் வேலை செய்த ஓட்டுநர், வாகனத்தின் மீதிருந்த அக்கறையால், முன்பக்கத்தில் அசையும் எல்லா இடத்துக்கும் கிறீஸ் வைப்பார்; பிறகு மண்ணெண்ணெய் கொண்டு கழுவுவார். மைனரில் ட்ரனியன் என்ற மரையுள்ள மூட்டுக்கு கிறீஸ் தவறாமல் வேண்டும். அது காய்ந்து மரை தேய்ந்தால் சக்கரமே மடங்கிவிடும். அதே இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, கீழ் ஆர்மை அடிச்சட்டத்தோடு இணைக்கும் ஐபோல்ட்டில் இருப்பதோ இயற்கை றப்பர். அதற்கு கிறீஸ், எண்ணெய், மண்ணெண்ணெய் எதுவும் ஆகாது.

கராச்சில் (பட்டறையில்) அதைக் கழற்றியபோது நான் பக்கத்தில் நின்றேன். றப்பர் ஊதிப் பெருத்து, விளிம்புக்கு வெளியே பிதுங்கி, நகத்தால் தொட்டாலே கையோடு வந்தது. ஓட்டுநரின் முகம் வாடியதை இன்றும் மறக்க முடியவில்லை. அவர் கெடுதல் நினைத்துச் செய்தவர் அல்லர். பாரவூர்தி ரயர்த் துண்டைக் கடைந்து ஒரு புஷ் செய்து போட்டார்கள், அது சில காலம் தாங்கியது. புது றப்பரைப் பூட்டும்போது வழுக்கலுக்குச் சவர்க்காரத் தண்ணீர் போதுமானது. காய்ந்ததும் அது பிடித்துக்கொள்ளும்.

பாலியூரித்தேன் வேறு பொருள். அது குழாய்மேல் வழுக்கிச் சுழலும்படி செய்யப்பட்டது, ஆகவே அதற்கு கிறீஸ் வேண்டும்தான். அதுவும் அதற்கென்று வரும் சிலிக்கன் வகை. ‘எல்லாப் புஷ்ஷுக்கும்’ என்று ஐயா எழுதியதை வாசிக்கும் ஒருவர் றப்பருக்கு வைத்துவிடக்கூடாது.

கோவை சான்ட்ரோ

பிரஸ் இயக்குபவர் எழுதியதைப் படித்த பிறகு, ஆர்ம் மாற்றிய பட்டறையில் தொலைபேசியில் விசாரித்தேன். வண்டி லிஃப்டில் தொங்கிய நிலையில்தான் எல்லா போல்ட்டுகளையும் இறுக்கினார்கள். சனிக்கிழமை மீண்டும் கொண்டுபோய், தளர்த்தி, சக்கரங்கள் தரையில் நிற்கும்போது இறுக்கி, அதன் பிறகு அலைன்மென்ட் பார்க்கச் சொல்லப்போகிறேன். இந்த வண்டியின் லோயர் ஆர்ம் போல்ட்டுகளுக்கான முறுக்குவிசை அளவு, கம்பெனி சர்வீஸ் புத்தகத்தில் உள்ளபடி, யாரிடமாவது இருந்தால் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள்.

பிரஸ் இயக்குபவர்

அளவை இன்று மாலை புத்தகத்தைப் பார்த்து எழுதுகிறேன். தளர்த்தும்போது நட்டு எளிதாகக் கையால் சுழன்றால் அதைத் திரும்பப் போடாமல் புதிது வாங்கிக்கொள்ளுங்கள். தானாகக் கழலாமல் பிடிக்கும் வகை நட்டு ஒருமுறை பிடிப்பை இழந்தால் மீண்டும் பிடிக்காது.