ஸ்லைடிங் ஜன்னலில் காற்றுக் கசிவு: எந்த அளவு பிரஷ் போடலாம்?

ஜன்னல் சாத்தியிருந்தும் 1.5 டன் இன்வெர்ட்டர் ஏசியின் கம்ப்ரஸர் வேகம் குறைவதே இல்லை. ஃபில்டர் சுத்தம், கேஸ் அளவும் சரி.

ஃபேனை நிறுத்திவிட்டு ஊதுபத்தி காட்டினால், இரட்டைத் தட அலுமினிய ஜன்னலில் இரு கதவுகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் நடுச்சட்டத்தில் புகை சட்டென்று உள்பக்கம் வளைகிறது. அங்கே இடைவெளியை அடைக்கும் பைல் பிரஷ் (மெல்லிய முடிகள் கொண்ட நீளப் பட்டை) நசுங்கி மொட்டையாகிவிட்டது. பிரஷைச் செருகும் காடியின் (பள்ளத்தின்) அகலம் 7 மி.மீ., கதவுகளுக்கு இடைவெளி 6 மி.மீ.

சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே சிலிக்கான் அடித்தாச்சு. அங்கே இப்போது புகை அசையவில்லை. நடுவில் ஒட்டிய ஃபோம் டேப் கதவை நகர்த்தும்போதே சுருண்டு உரிந்தது. உராயும் இடத்துக்கு அது ஆகாதுதான். கீழ்த் தடத்திலுள்ள வடிகால் துளைகளை அடைக்கச் சொல்லாதீர்கள், மழைத்தண்ணீர் உள்ளே ஏறிவிடும்.

பிரஷ் குட்டையானால் கசியும், உயரம் கூடினால் கதவு இறுகும். இந்த 6 மி.மீ. இடைவெளிக்கு, நடுவே பிளாஸ்டிக் இதழ் வைத்த பைல் பிரஷ் எத்தனை மி.மீ. உயரத்தில் வாங்க வேண்டும்?