பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டும் சமையல்கட்டில் புகை, உதவி வேண்டும்

வைகைக்கரை: அவசரம். மதுரையில் சின்ன ஓட்டல். புகை நிற்கிறது என்று போன வாரம் பழைய ஃபேனைக் கழற்றி 18 இன்ச் ஃபேன் போட்டோம். இப்போது முன்னைவிட மோசம். ராத்திரி 9 மணிக்கு மேல் பரோட்டா மாஸ்டருக்கும் பையனுக்கும் தலைவலி, குமட்டல். ஹாலில் ஏசியும் குளிரவில்லை. இன்னும் பெரிய ஃபேன் போடலாமா?

தவா தோழன்: என்ன அடுப்பு? அடுப்புக்கு மேல் புகையைப் பிடிக்கும் ஹூட் இருக்கிறதா? ஜன்னல் எத்தனை?

பழைய மாஸ்டர்: எண்ணெயைப் பாருங்கள் தம்பி. பொரித்த எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய வைத்தால் குறைந்த சூட்டிலேயே புகையும். 30 வருடம் அடுப்படியில் நின்றவன் சொல்கிறேன்.

டக்ட்காரர்: இதற்கு எத்தனை முறைதான் பதில் எழுதுவது? இந்த மன்றத்தின் பழைய இழைகளைப் படித்துவிட்டுக் கேட்கலாம். உள்ளே வருகிற அளவு காற்றைத்தான் ஃபேன் வெளியே தள்ளும். காற்று வர வழி எங்கே?

வைகைக்கரை: கேஸ்தான், ஹூட் இருக்கிறது. ஃபேன் நன்றாக இழுக்கட்டும் என்று ஒரே ஜன்னலையும் அட்டை வைத்து அடைத்துவிட்டோம். பின்கதவை வெளியே தள்ளவே பலம் வேண்டியிருக்கிறது. மூலையில் கிரில் சிக்கனுக்குக் கரி அடுப்பு உண்டு. தனிப் புகைக்குழாய் இருப்பதால் எழுதவில்லை.

நைட் ஷிஃப்ட் நர்ஸ்: கரியா? உடனே நிறுத்துங்கள், எல்லாரும் வெளியே வாருங்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். முகத்தில் துணி கட்டினால் நிற்காது. இருவரையும் இன்றே டாக்டரிடம் காட்டுங்கள், கரி அடுப்பு என்று சொல்லியே காட்டுங்கள்.

டக்ட்காரர்: அதேதான். ஜன்னல் அடைபட்டதால் ஃபேன் ஹாலின் ஏசிக் காற்றை உறிஞ்சுகிறது. அதுவும் போதாமல் கரி அடுப்பின் குழாய் வழியே வெளிக்காற்று கீழே இறங்குகிறது. மேலே போக வேண்டிய வாயு மாஸ்டர் முகத்துக்கே திரும்புகிறது. ஃபேன் பெரிதானால் இன்னும் கூடும். வலை அடித்த நிரந்தரத் திறப்பு ஒன்று வையுங்கள். குழாய் வாயில் ஊதுபத்தி காட்டிப் பாருங்கள், புகை மேலே ஏற வேண்டும்.

பழைய மாஸ்டர்: அப்போ எண்ணெய்ப் புகை நல்லதா?

தவா தோழன்: இல்லை அண்ணா. அதிகச் சூட்டில் பொரிக்கும் புகையைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2010-லேயே 2ஏ பிரிவில் வைத்தது, அநேகமாகப் புற்றுநோய் தரும் என்று. ஆனால் இங்கே போன வாரம் மாறியது ஃபேன்தானே?

பழைய மாஸ்டர்: எண்ணெய் மாறவில்லை என்று யார் பார்த்தது? எண்ணெய் கெடக் கெட அதில் கூடும் போலார் சேர்மம் 25 சதவீதம் தாண்டினால் கொட்ட வேண்டும் என்பது சட்டம். எத்தனை கடையில் அளக்கிறார்கள்?

நளபாகம்: கரியே வேண்டாம், கேஸ் கிரில் போதும்.

பழைய மாஸ்டர்: கரி வாசனை இல்லாத கிரிலை யார் வாங்குவது?

நைட் ஷிஃப்ட் நர்ஸ்: வாசனையை அப்புறம் பேசலாம். வைகைக்கரை, அந்தப் பையன் எப்படி இருக்கிறான்?

வைகைக்கரை: ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம், இருவரும் நலம். ஜன்னலைத் திறந்ததும் கதவு லேசாகத் திறக்கிறது, ஏசியும் குளிர்கிறது. கரியை நிறுத்தியாச்சு. கார்பன் மோனாக்சைடு அலாரம் எங்கே மாட்டுவது?

பழைய மாஸ்டர்: எண்ணெய் என்ன பிராண்ட் தம்பி?