இங்கிலாந்தில இருக்கிற சிப்பிங் காம்டனையும் எங்கட மாங்குளத்தையும் ஒப்பிட்டுப் படம் கீறுறது எப்பிடி?

குளக்கட்டு (கிளிநொச்சி):
வகுப்புச் செயற்றிட்டத்துக்கு இந்த ரெண்டு ஊரையும் ஒப்பிடவேணும். காம்டனில வீடுகள் ஒடுக்கமா, நெருக்கமா நிக்குது. மாங்குளச் சந்தியில கடைகள் பெருகின மாதிரித்தானோ?

ஒலுமடு:
இல்லை. மாங்குளம், ஏ9 வீதியில இருந்து முல்லைத்தீவுக்குப் பிரியிற சந்தி. வீதியை நம்பிக் கடை வந்தது. காம்டன், நிலப்பிரபு வாடகைக்காகக் காணி அளந்து குடுத்த ஊர். சந்தை உரிமை 1185இல, இரண்டாம் ஹென்றி மன்னன்ர காலத்தில கிடைச்சது. சந்தைத் தெருவைப் பார்த்த முகப்புக்குத்தான் பெறுமதி. அதால முகப்பு ஒடுக்கம், வளவு பின்னுக்கு நீளம், கடைசியில பின் ஒழுங்கை. பாக் எண்ட்ஸ் எண்ட அந்தத் தெரு இப்பவும் இருக்கு.

கைபேசி வரைபடம் சரிவராது, வளவு எல்லை தெரியாது. ஸ்கொட்லாந்து தேசிய நூலகத் தளத்தில ஓர்ட்னன்ஸ் சேர்வேயின்ர (பிரித்தானிய நில அளவை நிறுவனம்) பழைய 1:2500 வரைபடத் தாள்கள் இலவசமாப் பார்க்கலாம். சந்தை ஊர் உருவான காலத்தில காணி அளந்தது பேர்ச்சில: 16.5 அடி நீளம். எங்கட காணி உறுதியில வாற பேர்ச் அதின்ர சதுரம். தாளில ஒரு பேர்ச் 2 மி.மீ. வரும், முகப்புகள் முழுப் பேர்ச்சிலயோ அரையிலயோ விழுதோ எண்டு அளந்து பாருங்கோ. அச்செடுக்கேக்க "தாளுக்குப் பொருத்து" எண்டு குடுத்தா எல்லாம் குலையும். முதல்ல அளவுக்கோட்டில அடிமட்டம் வையுங்கோ.

கனகராயன்:
முகப்பை வைச்சு வீட்டின்ர வயதைச் சொல்லாதேங்கோ தம்பி. முன்சுவரை மாத்திக் கட்டியிருப்பினம், பின்பக்கம் பழசா இருக்கும். ரெண்டு வளவைச் சேர்த்த வீடும் இருக்கும். பின் எல்லைக் கோட்டைப் பிடிச்சுக்கொண்டு வந்தா பிடிபடும்.

கட்டடத்தில ரெண்டைக் குறிச்சாக் காணும். கம்பளி வணிகர் வில்லியம் கிரெவலின்ர வீடு, ஏறத்தாழ 1380. பிறகு, லண்டனில பட்டு வித்துப் பணக்காரனான பாப்டிஸ்ட் ஹிக்ஸ் 1627இல கட்டின சந்தை மண்டபம். வெண்ணெய், சீஸ், கோழி விக்க.

குளக்கட்டு:
நன்றி அண்ணை. அவ்வளவு காசு புழங்கின ஊர் ஏன் பிறகு பெருக்கேல்லை?

ஒலுமடு:
காசு வந்தது நெய்யாத கம்பளியை வெளிநாட்டுக்கு ஏத்தினதில. பிறகு நெய்த துணி ஏற்றுமதி மேலோங்கிச்சு. நெசவு நீர்வேகம் உள்ள ஸ்ட்ரவுட் பள்ளத்தாக்குகள் பக்கம் போச்சு. இடிச்சுக் கட்டக் காசில்லாததாலதான் பழைய தெரு தப்பினது, என்ர கணக்கில. 1902இல சி. ஆர். ஆஷ்பி எண்ட வடிவமைப்பாளர் தன்ர கைவினைச் சங்கத்தை லண்டனில இருந்து இங்க கொண்டுவந்ததுக்கு, வெறுமையாக் கிடந்த வீடுகளும் ஒரு காரணம்.

இன்னொண்டு: மாங்குளத்தை நினைச்சு ரயில் நிலையத்தைச் சந்தைத் தெருவுக்குப் பக்கத்தில கீறிப்போடாதேங்கோ. காம்டனில அது ஊருக்கு வெளியில; 1853இல திறந்து 1966இல மூடியாச்சு.